சுவரில் மாட்டிய அம்மா

வர வேண்டாம் என்று மகன் சொன்ன படத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் பகல் காட்சி, அதுவும் தனியாக. சபைக்காரர்கள் யார் கண்ணிலாவது பட்டால், எப்சிபா டீச்சருக்கு ஆபரேஷனை வைத்துக்கொண்டு சினிமா கேட்கிறதோ என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் பாளையங்கோட்டை முழுக்கப் பரப்பிவிடுவார்கள். பரப்பட்டும். ஆயுசு முழுக்க வெயிலில் நின்று விசில் ஊதிய பி.டி. டீச்சர் கொஞ்ச நேரம் ஏ.சி.யில் உட்கார்ந்தால் வானம் இடிந்து விழுந்துவிடாது. ஆனால் இந்த நாற்காலி சரியில்லை, ஆளை உள்ளே இழுத்துக்கொள்கிறது, எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும், பக்கத்து நாற்காலியில் கைப்பை மட்டும்தான் இருக்கிறது, கைப்பைக்குள் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை இருக்கிறது, ஆட்டோவிலேயே பார்த்தாயிற்று, இப்போது இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கிறேன். இருக்கிறது. ஏன் வர வேண்டாம் என்றான்? இத்தனை வருஷம் ஒவ்வொரு டைரக்டர் பின்னாலும் அலைந்து, இப்போதுதான் வசனம், இணை இயக்கம் என்று பெரிய எழுத்தில் ஜெபசிங் பெயர் வருகிறது. வேறொருத்தி என்றால் மகன் பெயரைப் பார்க்கத் தெருவையே கூட்டிக்கொண்டு போவாள். இவன் என்னடாவென்றால் படம் நல்லா இல்லம்மா, போகாதீங்க, ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் ஃபோன்லயே பாத்துக்கலாம் என்கிறான். ஒரு தடவை சொன்னால் அக்கறை. கூப்பிடும்போதெல்லாம் சொன்னால் அதில் என்னமோ இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை வயிற்றுவலி என்று வந்து நின்றால் அது வயிற்றுவலியா கணக்குப் பரீட்சையா என்று எனக்குக் குரலிலேயே தெரிந்துவிடும். இவன் குரலில் கணக்குப் பரீட்சை இருந்தது.

பெயர் வந்தது. வசனம், ஜெபசிங். வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை, அதற்குள் ஹீரோவின் பெயர் நெருப்புப் பிடித்துக்கொண்டு வந்தது, முன்வரிசைப் பையன்கள் விசில் அடித்தார்கள். நாக்கை மடிக்கத் தெரியவில்லை, பாதிக் காற்று வீணாகப் போகிறது. என் கை தானாக விசிலைத் தேடிக் கழுத்துக்குப் போய் வெறுமனே திரும்பி வந்தது. ரிட்டயர் ஆனபின்பும் கை அங்கே போகிறது. வியாழக்கிழமை இந்த இடத்தைத்தான் திறப்பார்கள், கழுத்துக்குக் கீழே ஆரம்பித்து நேர்கோடாக. மூன்று குழாயில் அடைப்பு. டாக்டர் சின்னப் பையன், என்னிடம் படித்தவன் வயதுதான் இருக்கும். பேப்பரில் படம் போட்டுக் காட்டினான், இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்போம், மெஷின் அந்த வேலையைப் பார்க்கும், நீங்க தூங்கிட்டுதான் இருப்பீங்க டீச்சர் என்றான். நிறுத்திவைத்ததைத் திரும்ப ஓட விடுவது யார், அதற்கு யார் விசில் ஊதுவது என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. எத்தனை பிள்ளைகளுக்கு மணிக்கட்டில் விரலை வைத்து நாடி எண்ணச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஓடி முடித்தபின் எவ்வளவு, உட்கார்ந்தபின் எவ்வளவு. நிறுத்திவைத்தபின் எவ்வளவு என்று யாரும் பாடத்தில் போடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை, ஜெபத்தில்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொல்கிறேன். இந்தப் படம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, கிறிஸ்துமஸ் கழியட்டும், தை பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடப் போகிறேன். தள்ளிப்போட்டா நான் பொறுப்பில்ல டீச்சர் என்று அந்தப் பையன் சொல்லத்தான் சொன்னான். என் நெஞ்சுக்கு அவன் எப்படிப் பொறுப்பாவான்? ஜெபா புதன்கிழமை லீவு போட்டு வருகிறான், அவனுக்கு இன்னும் தெரியாது. சொல்ல வேண்டும். சொன்னால் சரிம்மா என்பான். எதற்கும் சரிம்மாதான்.

ஹீரோ தூத்துக்குடி துறைமுகத்தில் லாரிகளுக்கு நடுவே சண்டை போட்டு முடிப்பதற்குள் நான் அம்மாவைத் தேட ஆரம்பித்துவிட்டேன். எந்தப் படத்திலும் எனக்கு அம்மா யார் என்று முதலில் தெரிந்தாக வேண்டும். அவன் சினிமாவுக்குப் போனதிலிருந்து பிடித்த வழக்கம் இது. அங்கே என்னல செய்கிறாய் என்று கேட்டால் பதில் வராது, அவன் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சுத்தமாக வராது. சரி, இந்தப் பையன்களெல்லாம் அம்மா என்றால் என்னவென்று நினைத்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள், அதையாவது பார்ப்போமே என்று டி.வி.யில் வருகிற புதுப்படம் எதையும் விடுவதில்லை. முன்பெல்லாம் இருமிக்கொண்டே தையல் மெஷின் மிதிப்பாளே, அந்த அம்மா இப்போது இல்லை, நல்லதுதான். இப்போது வருகிறவள் ஸ்கூட்டர் ஓட்டுகிறாள், மகனைக் கேலி பேசுகிறாள், அவன் காதலிக்கிற பெண்ணோடு சேர்ந்துகொண்டு அவனை ஓட்டு ஓட்டென்று ஓட்டுகிறாள், ஆபீஸ் போகிறாள், ஒருத்தி மறுகல்யாணம்கூடச் செய்துகொண்டாள், செய்துகொள்ளட்டும். ஆனால் எங்கே வேலை பார்த்தாலும் வீட்டுக்கு வந்ததும் கையில் தோசைக்கரண்டி வந்துவிடுகிறது. மகன் கிளம்பும்போது சாப்பிட்டுட்டுப் போடா என்கிறாள், அவன் சாப்பிடாமல் போகிறான். எந்தப் படத்திலும் எந்த மகனும் உட்கார்ந்து அந்தத் தோசையைத் தின்று முடித்ததில்லை. அப்புறம் இடைவேளைக்குப் பின்னால் ஹீரோவுக்குக் கோபம் வர வேண்டுமென்றால் வில்லன் ஆள் அனுப்புவது இவளுக்குத்தான். நான் ஜெபாவிடம் ஒரு தடவை கேட்டேன், ஏம்ல, ஒரு படத்திலாவது அம்மா பி.டி. டீச்சராக இருக்கக் கூடாதா என்று. அவன் சிரித்தான். பி.டி. டீச்சர்னா படத்துல காமெடிம்மா என்றான். நானும் சிரித்தேன். போனை வைத்தபிறகு கொஞ்ச நேரம் அடுப்படியில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். நான் தோசை ஊற்றிக் கொடுத்து அனுப்பியவள் இல்லை. விடிந்ததும் மைதானத்தில் இருக்க வேண்டும், அவனே பன்னை டீயில் தொட்டுத் தின்றுவிட்டு, அவனே தலை சீவிக்கொண்டு வந்து, பிரேயரில் வரிசையில் நிற்பான். பள்ளிக்கூடத்துக்குள் டீச்சர், வீட்டுக்குள் அம்மா, கேட்டைத் தாண்டும்போது மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிவைத்திருந்தேன். ஒரு நாளும் தவறியதில்லை. தவறியிருந்தால் எனக்குப் பிடித்திருக்குமோ என்னவோ.

ஹீரோ வீட்டுக்கு வந்துவிட்டான். ஒற்றை அறை, கயிற்றில் துணி, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்தான். சுவரில் மாலை போட்ட படம். சரி, அம்மா ஏற்கெனவே செத்தாயிற்று, எனக்குத் தேடுகிற வேலை மிச்சம், அவர்களுக்குச் சம்பளம் மிச்சம். கேமரா மெதுவாகக் கிட்டே போகிறது. சந்தன மாலை, கீழே சிவப்பாகச் சின்ன பல்பு, கண்ணாடி மேலே சந்தனம் தொட்டுக் குங்குமப் பொட்டு. பொட்டு நடு நெற்றியில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளிப் புருவத்துக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது, வைத்தவன் படத்தில் இருப்பவள் தலையைச் சாய்த்திருக்கிறாள் என்பதைக் கவனிக்கவில்லை. எங்கேயோ பார்த்த முகம். பழைய நடிகையாக இருக்குமோ. இல்லை, நம்மோடு வேலை பார்த்த பேச்சியம்மாள் டீச்சர் சாடை, ஆனால் அவளுக்கு மூக்கு இன்னும் பெரிசு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு யாரையோ அதட்டப் போகிறவள் மாதிரி, சிரிப்பு பாதியில் நிற்கிறது, இந்தப் பெண்பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும், கொஞ்சம் சிடுசிடு, பிடிக்காத ஆள் இல்லை, பெயர்தான் வாய்க்கு வரவில்லை. மாலைக்கு நடுவே கழுத்தோரத்தில் சிவப்பாக ஒரு கயிறு தெரிகிறது. தாலிக்கயிறு சிவப்பாக இருக்காது. அது நைலான். அது வெயிலில் வெளுத்து ஒரு பக்கம் ரோஸ் நிறமாகிப்போன நைலான், அதன் நுனியில் இருப்பதை மாலை மறைத்துக்கொண்டிருக்கிறது, நுனியில் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கயிறு இப்போது என் வீட்டு அலமாரியில் ஆணியில் தொங்குகிறது. ஆண்டவரே. அது நான்.

நான்தான். ஹீரோ என்னைப் பார்த்துக் கும்பிடுகிறான், ஊதுபத்தியைக் கொளுத்தி எனக்கு முன்னால் சுற்றுகிறான். நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விரல்கள் என்னுடையவைதான், மணிக்கட்டில் விரலை வைத்தேன், நாடி தட்டுகிறது, ஓடி முடித்த பிள்ளையின் நாடி மாதிரி தட்டுகிறது, மாத்திரை வேண்டுமா, வேண்டாம், பொறு, மூச்சை உள்ளே இழு, மெதுவாக விடு. எங்கள் வீட்டில் செத்தவருக்கே மாலை கிடையாது. ஜெபாவின் அப்பா படம் முன்னறையில் மாட்டியிருக்கிறது, கீழே ஒரு வேத வசனம், அவ்வளவுதான், பூவும் இல்லை, விளக்கும் இல்லை, எங்கள் சபையில் அது வழக்கமில்லை. கல்யாணத்தன்றுகூட நெற்றியில் பொட்டு வைக்காத என்னைச் சாகடித்துப் பொட்டு வைத்திருக்கிறார்கள், அதையும் நேராக வைக்கவில்லை. உயிரோடு இருக்கிறவள் படத்துக்கு மாலை போட்டால் என்ன ஆகும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சகுனம் பார்ப்பது பாவம் என்று ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இரண்டும் ஒரே மண்டைக்குள் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளுகின்றன. வியாழக்கிழமை. படத்துக்கு மாலை. நிறுத்திவைப்போம் என்றானே டாக்டர். பெற்ற மகன் கையாலே மாலை. அவன் போட்டிருக்க மாட்டான், வேறு யாராவது போட்டிருப்பார்கள், ஆனால் படத்தை எடுத்துக் கொடுத்தவன் அவன்தானே. அந்தப் படம் எடுத்த நாள் நினைவிருக்கிறது, நான் பணியில் இருந்த கடைசி விளையாட்டு விழா, சென்னையிலிருந்து புது கேமராவோடு வந்திருந்தான், சுண்ணாம்புக் கோடு கோணலாகப் போட்ட பையன்களை நான் திட்டிக்கொண்டிருந்தேன், அம்மா இங்க பாருங்க என்றான், பள்ளிக்கூடத்துக்குள் என்னை அம்மா என்று அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, திரும்பினேன், சிரிங்க என்றான், வெயிலடிக்கி, சட்டுன்னு எடுல என்றேன். அதுதான் அந்தப் பாதிச் சிரிப்பு. எனக்கு இப்போது கோபம் வருகிறது, நல்லவேளை, பயத்துக்குக் கோபம் தேவலை. உலகத்தில் வேறு பொம்பளை படமே கிடைக்கவில்லையா உனக்கு? ஊருக்குப் போய்ப் பேசுகிறேன். இல்லை, நான் ஊரில்தான் இருக்கிறேன், அவன்தான் வர வேண்டும். வரட்டும். இதற்குத்தான் போகாதே போகாதே என்றானா? அப்போ தெரிந்துதான் இருக்கிறது. செய்த அன்றைக்குத் தெரியாமல், ஆபரேஷன் என்று நான் சொன்ன பிறகு உறைத்திருக்கிறது, என்னிடம் சொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் படம் நல்லா இல்லம்மா, படம் நல்லா இல்லம்மா என்று புலம்பியிருக்கிறான். அவன் எழுதிய முதல் படத்தை அவனே பழித்திருக்கிறான். பாவம்தான். பாவமென்றாலும் கோபம் போகவில்லை.

இடைவேளை விட்டார்கள். வெளிச்சத்தில் என் கையைப் பார்த்துக்கொண்டேன், முகத்தையும் பார்க்க வேண்டும்போல இருந்தது, சிரமப்பட்டு எழுந்து பாத்ரூம் பக்கம் போனேன். கண்ணாடியில் பொட்டில்லாத எப்சிபா, நல்லபடியாக இருக்கிறாள், கொஞ்சம் வியர்த்திருக்கிறது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண்பிள்ளை, கையில் பாப்கார்ன் டப்பாவோடு, கண்ணாடிக்குள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே என்றாள். அவளுக்கு நான் செத்துப்போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள் என்றேன். நா இந்த ஊரே இல்லக்கா என்று சொல்லிவிட்டு யோசித்துக்கொண்டே நின்றாள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன். போன் துடித்தது. ஜெபா. இந்த நேரத்தில் கூப்பிட மாட்டானே. விளம்பரச் சத்தம் அவனுக்குக் கேட்டுவிடும், கேட்டால் எங்கே இருக்கிறீர்கள் என்பான், எனக்குப் பொய் வராது, வராத காரியத்தை ஏன் தொட வேண்டும், எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தது. கைப்பைக்குள் போட்டு மூடினேன். இப்படியே ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம், செத்ததைப் பார்த்தாயிற்று, மீதியில் என்ன இருக்கப் போகிறது. படி வரைக்கும் போனேன். ஆனால் பந்தயத்தில் பாதியில் நிற்கிற பிள்ளையை எனக்குப் பிடிக்காது, தோற்றாலும் கோட்டைத் தொட்டுவிட்டு வா என்று சொல்லித்தான் பழக்கம். மணி அடித்தது. திரும்பிப் போய் அந்தக் குழிக்குள் உட்கார்ந்தேன்.

இரண்டாம் பாதியில் ஹீரோ பெரிய சிக்கலில் இருக்கிறான். ஒரு கொலை நடந்ததைப் பார்த்துவிட்டான், பார்க்கவில்லை என்று கோர்ட்டில் சொன்னால் லாரி, வீடு எல்லாம் கிடைக்கும், கூட இருக்கிற நண்பனே சொல்லிக்கொண்டிருக்கிறான், யாரு பாத்தா, சும்மா சொல்லிட்டு வா என்று. ஹீரோ எழுந்து என்னிடம் வந்தான். என்னிடம்தான், வேறு யாரிடம்? இந்தப் பையனுக்கு எங்கள் பக்கத்துப் பேச்சு சரியாக வரவில்லை, நாக்கு வேறு ஊரில் கிடக்கிறது. ஆனால் பேச ஆரம்பித்ததும் அது யார் பேச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "எங்கம்மாவுக்கு நான் ஓடுறதுன்னா உசுரு. ஒரு ஓட்டப்பந்தயத்துல நான் ஒரு நூல் முந்திக் கெளம்பிட்டேன். யாருக்கும் தெரியல, அவளுக்குத் தெரிஞ்சுது. அத்தன பேரு முன்னாடி என்னய வெளிய போன்னுட்டா. அன்னைக்கு அவள வெறுத்தேன். அதுக்கப்புறம் எங்க போயி, யாரும் பாக்கலன்னு ஒரு காரியம் செய்யப் போனாலும், கோட்டு ஓரத்துல அவ நிக்கிறா. எனக்குச் சோறு போட்ட அம்மா இல்ல, நேரா நிக்க வெச்ச அம்மா. இருந்தப்ப இத ஒரு தடவகூட அவகிட்டச் சொல்லல. இப்ப சுவத்தப் பாத்துச் சொல்லிக்கிட்டு நிக்கேன்." முன்வரிசைப் பையன்கள்கூட அடங்கிவிட்டார்கள். எனக்கு மூக்கு ஒழுகியது, கைக்குட்டையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

அன்றைக்கு நூறு மீட்டர். வட்டார அளவில் எல்லாப் பள்ளிக்கூடமும் வந்திருந்தது, விசில் ஊதி ஓட்டத்தைக் கிளப்பிவிடுகிற ஆள் நான். முதல் தடவை ஜெபா முந்தினான், ஃபால்ஸ் ஸ்டார்ட் என்று எச்சரித்துத் திரும்பக் கோட்டில் நிற்க வைத்தேன். இரண்டாம் தடவையும் விசிலுக்கு ஒரு துளி முன்னால் அவன் பின்கால் எழும்பிவிட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை என்பது நிஜம். பேச்சியம்மாள் டீச்சர் காதோரம் வந்து, விடுங்க டீச்சர், நம்ம பிள்ளதான, யாரு பாத்தா என்றாள். நான் பார்த்தேனே. வெளியே போ என்று கையைக் காட்டினேன். என்னை ஒரு பார்வை பார்த்தான். போனான். ஓடியிருந்தால் அவன்தான் முதலாவது, எனக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும். அவனுக்குப் பிடிக்குமே என்று வீட்டுக்குப் போகும்போது புரோட்டா வாங்கிக்கொண்டு போனேன், தின்றான், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனான். அதற்குப் பிறகு அவன் ஓடவே இல்லை. நான் செய்தது சரிதான், இன்றைக்குக் கேட்டாலும் சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் சரியாக நடந்துகொண்டதற்கு மகன் போய்விட்டான் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். என்ஜினீயரிங் வேலையை விட்டான், சினிமாவுக்குப் போனான், நான் எது சொன்னாலும் சரிம்மா என்றான், ஒவ்வொரு சரிம்மாவுக்குப் பின்னாலும் அந்த மைதானம்தான் இருக்கிறது என்று நினைத்தேன். இருந்திருக்கிறது. ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை. இவ்வளவையும் மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் மாத்திரை போட்டீங்களா, போட்டாச்சு, சரிம்மா என்று போனை வைத்துக்கொண்டிருந்தானா? என்ன பிள்ளை இது. எவனோ ஒருத்தன் வாயில் வைத்து, எனக்கு மாலை போட்டு, ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லியிருக்கிறான், கேட்க வேண்டியவளை மட்டும் போகாதே என்றிருக்கிறான். சினிமாவில் எல்லா மகனுக்கும் இதே கதைதான் போல. அம்மா சுவருக்குப் போனபிறகுதான் பேச்சு வருகிறது. உயிரோடு இருக்கும்வரை தோசை, செத்தபிறகு வசனம். அந்தப் படத்தில் இருக்கிறவளைப் பார்த்தேன். அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அதே பாதிச் சிரிப்பு, அதே கோணல் பொட்டு. மகன் நெஞ்சைத் திறந்து கொட்டுகிறான், அவள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு இரக்கம் வந்தது. நான் அவள் இல்லை. எனக்குக் கேட்டது. கிறிஸ்துமஸ் கழியட்டும், தை பிறக்கட்டும் என்று நான் தள்ளிக்கொண்டே போய், ஒரு நாள் அடுப்படியில் விழுந்து கிடந்தால், இதுதானே நடக்கும். ஜெபா ஒரு சுவரைப் பார்த்து நிற்பான். எங்கள் சுவரில் மாலைகூட இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். பயம் அப்படியேதான் இருக்கிறது, நிறுத்திவைப்போம் என்றது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பயந்துகொண்டு நிற்கிற பிள்ளையையும் கோட்டில்தான் நிற்க வைப்பேன்.

ஹீரோ உண்மையைச் சொல்லிவிட்டான், அதற்காக ஒரு குத்தும் வாங்கினான், பிழைத்துக்கொண்டான். விளக்குப் போட்டார்கள், எல்லோரும் எழுந்து போனார்கள், பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன, கூட்டுகிற பெண் கீழ்வரிசையில் பாப்கார்னைப் பெருக்கிக்கொண்டு வந்தாள். நான் எழுந்திருக்கவில்லை. கைப்பையைத் திறந்தேன், மாத்திரை தட்டுப்பட்டது, அதைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தேன். ஆஸ்பத்திரி நம்பர் முதலில் இருந்தது. அதற்குக் கீழே ஜெபா. முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அம்மா, எங்க போனீங்க, எத்தன தடவ அடிக்கேன்."

"தியேட்டர்ல இருக்கேம்ல."

பாத்துட்டீங்களா என்றான். பொட்டு கோணலாக இருக்கிறது என்றேன். அவன் உடைந்துவிட்டான். பெரிய ஆள், நாலு பேரை வேலை வாங்குகிறவன், போனில் கேவிக் கேவி அழுகிறான். அழுகைக்கு நடுவே துண்டு துண்டாகச் சொன்னான். அம்மா வேஷத்துக்கு வர வேண்டிய நடிகைக்குத் தேதி இல்லையாம், படம் மாட்டிக்கொள்ளலாம் என்று டைரக்டர் சொல்லிவிட்டாராம், யாரோ ஒரு பெண்பிள்ளையின் போட்டோவை வைத்தார்களாம், அந்த முகத்தைப் பார்த்து அவனுக்கு ஒரு வரிகூட எழுத வரவில்லையாம். என் போட்டோவை மாட்டியதும் ஒரே மூச்சில் வந்துவிட்டதாம். என் ஆபரேஷன் பேச்சு வந்ததும் ஓடிப்போய் மாற்றச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான், சென்சாரே முடிந்துவிட்டது, இனி முடியாது என்று விட்டார்களாம். ஷூட்டிங் முடிந்த அன்றே அந்தப் படத்தை ரூமுக்கு எடுத்துக்கொண்டு போய், மாலையைக் கழற்றிப் பொட்டைத் துடைத்து வைத்திருக்கிறானாம். "எனக்குப் பயமா இருக்கும்மா. நாந்தான் என்னமோ செஞ்சுட்டேன்னு இருக்கு" என்றான்.

எனக்கும்தான் பயமாக இருக்கிறது என்றேன். சொல்லிவிட்டேன், அவ்வளவு லேசாக வந்துவிட்டது. தள்ளிப்போட நினைத்ததையும் சொன்னேன். அவன் வாய் திறப்பதற்குள், இல்லை, வியாழக்கிழமை போகத்தான் போகிறேன் என்றும் சொன்னேன்.

"ஆனா ஒண்ணு. அந்தப் பய சுவத்தப் பாத்துச் சொன்னாம்லா, அத நீ எங்கிட்டச் சொல்லு. எனக்குக் காது கேக்கும்."

புதன்கிழமை வந்து நேரில் சொல்கிறேன் என்றான். இப்போது சொல் என்றேன். மூக்கை உறிஞ்சினான், தொண்டையைச் செருமினான். "அன்னைக்கு அந்த ரேஸ்ல நீங்க," என்று ஆரம்பித்தான், அதற்கு மேல் குரல் போகவில்லை, தடுக்கி நின்றுவிட்டது. எழுதத் தெரிந்த வாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. கூட்டுகிற பெண் என் வரிசைக்கு வந்து, எழுந்திருக்கச் சொல்லலாமா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். பொறு என்று கை காட்டினேன். அந்தக் கை அப்படியே விசிலைத் தேடிக் கழுத்துக்குப் போனது.

"ஃபால்ஸ் ஸ்டார்ட்," என்றேன். "பரவால்ல. திரும்பக் கோட்டுக்கு வா."

அழுகைக்கு நடுவே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டாந்தடவ முந்துனா வெளிய போகச் சொல்லிருவீங்களே."

"அது பள்ளிக்கூடம்ல. நீ மெதுவாக் கெளம்பு. நான் இங்கனதான் நிக்கேன்."